லினக்ஸ் கேள்வி பதில்: எந்த நெட்வொர்க் கார்டு வாங்கலாம்?

கேள்வி: டெபியன் லினக்ஸ் ஓடும் பழைய கம்ப்யூட்டர். இடி மின்னலில் மதர்போர்டின் லேன் போர்ட் போய்விட்டது. ஆயிரம் ரூபாய்க்குள் நம்பி வாங்கக்கூடிய கார்டு எது?

பதில்: ரியல்டெக் ஆர்டிஎல்8111 அல்லது 8168 சிப் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் கிகாபிட் கார்டு போதும். பெட்டியில் எந்தக் கம்பெனி பெயர் இருந்தாலும் சரி, கார்டில் உள்ள சின்னக் கறுப்புச் சதுரத்தைப் பாருங்கள். நண்டுப் படம் இருந்தால் ரியல்டெக். பக்கத்தில் உள்ள எண்தான் உங்களுக்கு வேண்டியது.

இதற்கான டிரைவர் ஆர்8169 என்ற பெயரில் லினக்ஸின் மையமான கர்னலிலேயே இருக்கிறது. 8168 சிப்புக்கு 8169 டிரைவரா என்று குழம்ப வேண்டாம், இந்தக் குடும்பம் முழுவதற்கும் அது ஒன்றுதான். ரியல்டெக் தனியாகத் தரும் ஆர்8168 டிரைவரைத் தேடிப் போகாதீர்கள். அது கர்னலுக்கு வெளியே இருப்பது. கர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி கம்பைல் ஆக வேண்டும்.

செத்துப்போன ஆன்போர்டு லேனை முதலில் பயாஸில் டிசேபிள் செய்யுங்கள். எக்ஸ்1 என்ற சின்னக் கார்டு எக்ஸ்16 என்ற நீள ஸ்லாட்டிலும் உட்காரும். ஒல்லியான கேபினெட் என்றால் குட்டை பிராக்கெட் சேர்ந்து வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் சரியாக மாட்டியும் நெட் வரவில்லையா? உடனே கார்டைச் சந்தேகப்படாதீர்கள். கார்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்தே டெபியன் அதற்குப் பெயர் வைக்கிறது. பழைய போர்ட் ஈஎன்பி2எஸ்0 என்றால் புதியது ஈஎன்பி3எஸ்0 ஆகிவிடலாம். ஆனால் நெட்வொர்க் அமைப்புகள் உள்ள இன்டர்ஃபேசஸ் ஃபைலில் பழைய பெயரே கிடக்கும். ‘ஐபி ஏ’ கட்டளை கொடுத்துப் புதுப் பெயரைப் பார்த்து, ஃபைலில் மாற்றுங்கள்.

இன்டெல் வேண்டுமென்றால் ஐ350 அருமையான சிப்தான். போலிகள் மலிந்த சிப்பும் அதுவே. ‘புத்தம் புதிது’ என்று அடிமாட்டு விலைக்குத் தந்தால் ஒதுங்கிவிடுங்கள். சர்வரிலிருந்து கழற்றிய பழைய கார்டு தெரிந்த கடையில் கிடைத்தால் அது எவ்வளவோ மேல்.

கேள்வி: கிகாபிட் கார்டு, கிகாபிட் ஸ்விட்ச். ஆனாலும் 100 எம்பிபிஎஸ்தான் வருகிறது. கார்டு கோளாறா?

பதில்: பெரும்பாலும் கேபிள். 100 எம்பிபிஎஸ் இரண்டு ஜோடிக் கம்பிகளில் ஓடிவிடும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரே ஒரு கம்பி ஆர்ஜே45 முனையில் சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலும் வேகம் 100க்கு இறங்கிவிடலாம். கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளையில் ஸ்பீட் என்ற வரியைப் பாருங்கள். பிறகு வேறு கேபிளை மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: ‘600 எம்பிபிஎஸ்’ என்று போட்ட யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கினேன். டெபியன் 12இல் செருகினால் சிடி டிரைவ் என்று காட்டுகிறது!

பதில்: டாங்கிள் சரியாகத்தான் இருக்கிறது. விண்டோஸ் டிரைவரைத் தன் வயிற்றுக்குள் ஒரு பொய் சிடியாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஃபைல் மேனேஜரில் அந்தச் சிடியை எஜெக்ட் செய்யுங்கள், வைஃபையாக மாறிவிடும். ஒவ்வொரு முறையும் இதைச் செய்யாமலிருக்க யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் பேக்கேஜைப் போட்டுவிடுங்கள்.

அடுத்து, யுஎஸ்பியில் செருகியவற்றைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை கொடுத்துச் சிப்பைப் பாருங்கள். ஆர்டிஎல்8821சியு என்று வந்தால் இன்னொரு முடிச்சு உண்டு. அதற்கான டிரைவர் கர்னல் 6.2இல்தான் சேர்ந்தது, டெபியன் 12இல் இருப்பதோ 6.1. மயிரிழையில் தவறிவிட்டீர்கள். பழைய டெபியனுக்குப் புதிய மென்பொருள்களைத் தரும் பேக்போர்ட்ஸிலிருந்து புதிய கர்னலையும், சிப்புக்குள் ஏற்றும் மென்பொருளான ஃபர்ம்வேர்-ரியல்டெக் பேக்கேஜையும் நிறுவுங்கள். டெபியன் 13க்கு மாறினால் கர்னல் 6.12 தானாகவே வரும். நெட்டே இல்லாமல் இதையெல்லாம் எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள், தனி டிரைவர் எதுவும் தேவைப்படாது.

அந்த 600 என்பது 5 கிகாஹெர்ட்ஸில் 433, 2.4இல் 150, இரண்டையும் கூட்டி மேலே ஏற்றிய கணக்கு. ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இணைவீர்கள் என்பதைப் பெட்டி சொல்லாது.

புதிதாக வாங்குபவர்கள் மீடியாடெக் எம்டி7612யு அல்லது எம்டி7610யு சிப் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. மாடல் பெயரை மட்டும் நம்பக் கூடாது. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் டாங்கிளின் முதல் பதிப்பில் லினக்ஸோடு நன்றாகப் பழகும் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது. இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக். பெயர் அதே, வெளித்தோற்றமும் கிட்டத்தட்ட அதே. ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் உள்ள பதிப்பு எண்ணைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஏஎம்டி ரைசன் லேப்டாப்பில் இன்டெல் ஏஎக்ஸ்211 வைஃபை கார்டு போட்டேன். கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் தெரியவே இல்லை.

பதில்: தெரியாது. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் பாதி கார்டுகள். மீதி பாதி இன்டெல் பிராசசர், சிப்செட் பக்கம் இருக்கிறது. ஸ்லாட்டில் அழகாகப் பொருந்துவதால்தான் ஏமாந்துபோகிறோம். முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏஎக்ஸ்210 வாங்குங்கள், கர்னல் 5.10 முதல் ஓடும். ஏஎக்ஸ்200 விலை குறைவாகக் கிடைத்தால் அதுவும் சரி, அதற்கு 5.1 போதும். மாட்டும்போது ஆன்டெனா வயர்களின் முனையை நேராக வைத்து, டக்கென்று சத்தம் வரும்படி விரலால் அழுத்துங்கள். சாய்த்து அழுத்தினால் முனை நசுங்கிவிடும்.