சல்சா நடனத்தில் எண்ணிக்கை தப்புவதில்லை, ஆனாலும் எல்லாப் பாட்டுக்கும் ஒரே மாதிரி ஆடுகிறேன். பாட்டை உணர்ந்து ஆடப் பழகுவது எப்படி?

இந்த இடத்தில் நானும் ரொம்ப நாள் நின்றிருக்கிறேன். ஆடத் தொடங்கி நான்காவது வருடம், ஒரே இரவில் நான் ஆடிய இரண்டு ஆட்டங்களை ஒரு தோழி கைபேசியில் படம் பிடித்துக் கொடுத்தார். இரண்டு பாட்டுக்கும் வேகம் ஏறத்தாழ ஒன்றுதான், குணம்தான் வேறு. ஒன்றில் டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவிகள் முழங்கும், மற்றது உருகிப் பாடும் காதல் பாட்டு. வீட்டுக்கு வந்து ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். எது எந்தப் பாட்டு என்று எனக்கே தெரியவில்லை. அதே சுழற்சிகள், அதே வரிசை. கால் ஒரு தடவைகூடத் தப்பவில்லை, ஆனால் பாட்டு அங்கே எங்குமே இல்லை. நீங்களும் இதைச் செய்து பாருங்கள். வேறு எவர் சொல்வதையும்விட அது தெளிவாகச் சொல்லிவிடும்.

அதன் பிறகு ஆறு மாதம் புதிய சுழற்சி எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அந்த நேரத்தையெல்லாம் கேட்பதற்குக் கொடுத்தேன். மியூசிகாலிட்டி, அதாவது இசைக்கு ஏற்ப ஆடுவது, என்ற பெயரில் சொல்லித்தரும் அலங்கார அசைவுகளை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. பாட்டில் என்ன நடக்கிறது என்று காதுக்குத் தெரியாதபோது அவையும் இன்னொரு சுழற்சியாகத்தான் போய்ச் சேரும்.

ஒரு வாரத்துக்கு ஒரே பாட்டு போதும். ஆட வேண்டாம், உட்கார்ந்து கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வாத்தியம். முதலில் காங்காவை, அதாவது கையால் தட்டும் உயரமான முரசை, எடுத்துக்கொள்ளலாம். நான்கு எண்ணிக்கைக்குள் 2-இல் கூர்மையாக ஒரு தட்டு, 4-இல் 'டும்டும்' என்று விரிந்த இரட்டை ஒலி. அது பிடிபட்டதும் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் தந்தி வாத்தியமான பேஸுக்குப் போங்கள். பேஸ் முதலில் குழப்பும். 2-க்கும் 3-க்கும் நடுவில் ஒரு அடி விழும், 4-இல் இன்னொன்று விழும், அடுத்த 1-இல் பெரும்பாலும் அடி இருக்காது. வரப்போகும் சுரத்துக்கு 4-இலேயே தாவிவிடும். 1 எங்கே என்று பேஸில் தேடுகிறவர்கள் தடுமாறுவது இதனால்தான். ஆனால் சல்சாவில் உடம்பை முன்னால் தள்ளிக்கொண்டே இருப்பதும் அந்தத் தாவல்தான். அது காதில் விழுந்த நாளில் என் அடிப்படை அடியே மாறிப்போனது. நான் எதையும் திருத்தவில்லை, அடிகளுக்கு நடுவே இடுப்பு தானாகக் காத்திருக்கத் தொடங்கியது.

கிளாவே பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டு மரக்குச்சிகள், எட்டு எண்ணிக்கைக்குள் ஐந்து தட்டு. முதல் பாதியில் இரண்டு, அடுத்த பாதியில் மூன்று தட்டு வரும் 2-3 முறையில் 2, 3, 5, அப்புறம் 6-க்கும் 7-க்கும் நடுவில் ஒன்று, கடைசியாக 8. பல பாட்டுகளில் அந்தக் குச்சிகள் ஒலிப்பதே இல்லை, ஆனாலும் மற்ற வாத்தியங்கள் அதற்கு இசைந்தே நடக்கும். கையால் தட்டிப் பழகினால் போதும். ஆரம்பத்திலேயே அதைக் காலில் கொண்டுவர முயன்றால் இருக்கிற தாளமும் கலைந்துவிடும்.

என் ஆட்டத்தை உண்மையில் மாற்றியது பாட்டின் அமைப்பைப் புரிந்துகொண்டதுதான். சல்சாவின் வேர் கியூபாவின் சோன் இசை. அங்கிருந்து வந்த ஒரு பழக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது. முதல் பாதியில் பாடகர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார், தாளம் அடக்கமாக இருக்கும், பாங்கோ என்ற சிறிய இரட்டை முரசில் விரல்கள் ஓடும், டிம்பாலே என்ற உலோக முரசுகளை வாசிப்பவர் அதன் பக்கவாட்டு உலோகத்தில் குச்சியால் தட்டுவார். பிறகு ஒரு திருப்பம் வரும். பாங்கோ வாசிப்பவர் அதை விட்டுவிட்டுக் கவ்பெல் என்ற, குச்சியால் தட்டும் மணியைக் கையில் எடுப்பார். 1, 3, 5, 7-இல் கனமாக மணி விழும். இந்தப் பகுதிக்கு மோன்டூனோ என்று பெயர். மணி கேட்டால் பாட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். முதல் நிமிடத்திலேயே எல்லாச் சுழற்சிகளையும் கொட்டித் தீர்த்துவிட்டால் இங்கே கொடுக்க உங்களிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது. அதனால் முதல் பாதியில் நான் மிக எளிதாக ஆடுகிறேன். அடிப்படை அடி, ஒன்றிரண்டு திருப்பம், கொஞ்சம் நடை, அவ்வளவுதான்.

மோன்டூனோவில் கோரஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும். நடுநடுவே பாடகர் தன் மனம் போனபடி பதில் சொல்வார். ஒரே ஒரு பயிற்சி சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கோரஸ் வரும்போதெல்லாம் ஒரே அசைவைச் செய்யுங்கள். பக்கவாட்டு அடி ஒன்று போதும், பெரிதாக எதுவும் வேண்டாம். பாடகர் பதில் சொல்லும்போது மட்டும் வேறு ஏதாவது ஆடுங்கள், கோரஸ் வந்ததும் அதே பக்கவாட்டு அடிக்குத் திரும்பிவிடுங்கள். இரண்டாம் முறை துணைக்குச் சந்தேகம் வரும், மூன்றாம் முறை அவர் உங்களுக்கு முன்பே அங்கே காத்திருப்பார். நான் முதன்முதலில் முயன்றபோது என்னுடன் ஆடியவர் சத்தமாகச் சிரித்துவிட்டார், இருவருக்கும் ஒரே வரி ஒரே நேரத்தில் கேட்டது என்ற சந்தோஷத்தில். நான்கு வருடத்தில் அப்படி ஒன்று எனக்கு நடந்ததே இல்லை.

இசைக்குழு மொத்தமும் சட்டென்று நிற்கும் பிரேக்குகளைப் பிடிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அதற்குக் குறுக்கு வழி கிடையாது, பாட்டு தெரிந்திருக்க வேண்டும். தெரியாத பாட்டிலும் ஓரளவு ஊகிக்கலாம், ஏனென்றால் அவை பெரும்பாலும் ஒரு பகுதி முடியும் இடத்தில்தான் வரும். முடிவு நெருங்குகிறது என்று தோன்றினால் துணையைச் சுழற்சிக்குள் அனுப்பாமல் எளிய அடிக்கு வந்துவிடுங்கள். பிரேக் வந்தால் இருவரும் சேர்ந்து நிற்கலாம், வராவிட்டால் எதுவும் கெட்டுப்போகாது.

திசை மாற்றும் அடியை 1-இல் வைத்து ஆடுவதா 2-இல் வைத்து ஆடுவதா என்ற விவாதத்தில் ரொம்ப நேரம் செலவிட வேண்டாம். 2-இல் ஆடினால் காங்காவின் தட்டோடு அடி ஒட்டி நிற்கும், அது தனிச் சுகம், சரி. ஆனால் காது திறக்க அது நிபந்தனை இல்லை.

எந்தப் பாட்டில் தொடங்குவது? 1970-களில் நியூயார்க்கின் ஃபானியா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட பதிவுகளில் தொடங்கலாம். வில்லி கொலோன் டிராம்போன் வாசிக்க எக்டர் லாவோ பாடியவை எனக்குப் பிடித்தவை. டிராம்போனின் முரட்டுத்தனம் உடம்பில் நேராக இறங்கும். அவற்றுக்கு எதிர்ப்புறமாக, 1980-களின் நடுவிலிருந்து பரவிய, மென்மையான காதல் பாட்டு வகையான சல்சா ரொமான்டிகாவில் ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மாறிமாறி, அடிப்படை அடியை மட்டுமே வைத்து ஆடிப் பாருங்கள். சுழற்சியே இல்லாமல் இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்றால் எடை வைக்கும் விதம், அடியின் நீளம், தோளின் தளர்வு இவைதான் உங்கள் கையில் இருக்கும்.

இன்னொன்று. வழிநடத்துகிறவர் நீங்கள் என்றால், துணைக்கும் காது இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். பியானோவில் உங்களுக்குக் கேட்காத ஒன்று அவருக்குக் கேட்டிருக்கலாம். ஒவ்வொரு எண்ணிக்கையிலும் கையைப் பிடித்து எங்கேயோ அனுப்பிக்கொண்டே இருந்தால் அதை அவர் எப்போது ஆடுவார்? பாட்டுக்கு இரண்டு மூன்று முறையாவது கையை விட்டுவிட்டு, அடிப்படை அடியில் இருந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருங்கள். பாட்டில் நான் கவனிக்காமல் விட்ட பலவற்றை முதலில் என்னுடன் ஆடியவர்களின் தோள்களில்தான் பார்த்திருக்கிறேன்.