ஆசிரியரின் வார இறுதியும் சமூக நீதியும்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சனிக்கிழமை புறப்பாட நடவடிக்கை, ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் வாசிப்பு வகுப்பு, பிறகு பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளின் வீடுகள் என்று வார இறுதி கழிகிறது. இது ஆசிரியர் வேலையன்று என்கிறார்கள் சிலர். தங்கள் கருத்து என்ன, ஐயா?

பதில்: நிச்சயமாக ஆசிரியர் வேலைதான், அம்மா. இவற்றுள் வீடு தேடிச் செல்வதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஏனெனில் 60 நாளுக்குள் பதியப்படாத பிறப்பைத் தாமதப் பதிவாகவே பதிய முடியும், அதற்குக் கூடுதல் சான்றுகள் வேண்டும், தினக்கூலியை இழந்து பதிவிலாகாவுக்கு அலைய இயலாத பெற்றோர் அதைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கையும் அடையாள அட்டையும் பின்னாளைய வேலையும் சிக்கலாகிவிடுகின்றன. இந்த அநீதியை முதலில் காண்பவர் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியரே.

உங்கள் ஊர்க்காரரான முன்னாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையிழந்த காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாக முன்னின்று, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டியே தோட்டங்களை வாங்க வழிசெய்தார். அந்தக் கூட்டு முயற்சி உங்களுக்கும் தேவை. வாசிப்பு வகுப்பை முன்னாள் மாணவர்களிடம் ஒப்படையுங்கள். பதிவிலாகாவுக்குச் செல்லும் குடும்பங்களுடன் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் முறைவைத்துத் துணை போகட்டும்.