சாகர் கவச் ஒத்திகை: போலீஸே ஏன் தீவிரவாதி வேஷத்தில் வருகிறார்கள்?

கடலூர், புதுச்சேரி கடற்கரையில் அவ்வப்போது நடக்கும் இது, கடல் வழியாக யாராவது ஊடுருவினால் பிடிக்க முடியுமா என்று பார்க்கும் ஒத்திகை. பாதுகாப்புப் படையினரில் ஒரு குழு மீனவர் மாதிரி படகில் வந்து கரையேறப் பார்க்கும், கடலோரக் காவல் படையும் போலீஸும் சேர்ந்து மடக்க வேண்டும்.

காரணம் 2008 மும்பைத் தாக்குதல். தாக்கிய 10 தீவிரவாதிகளும் மீன்பிடிப் படகு ஒன்றைக் கடத்தி அதில்தான் மும்பையை நெருங்கினார்கள். கடலூர் முதுநகர், தேங்காய்த்திட்டு மாதிரி எந்நேரமும் படகு போய்வரும் துறைமுகத்தில் வெளியாளைக் கண்டுபிடிப்பது லேசில்லை (என்னைக் கேட்டால் அதில் மீனவர்கள்தான் கில்லாடி). வீட்டைப் பூட்டியதும் பூட்டை இழுத்துப் பார்ப்போமே, அதுதான் இது.

அப்புறம், ஒத்திகை என்றாலே உளவுத் தகவல் வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் கிளப்புவார்கள். அப்படியில்லை, இது வழக்கமாக நடப்பதுதான்.