அந்தப் பழைய படத்தில் இருப்பது சிறுத்தை சீல் இல்லை

கேள்வி: அண்டார்க்டிக் விலங்குகளைப் பற்றிச் சிறுவர்களுக்கு ஒரு படப்புத்தகம் தயாரிக்கிறேன். பழைய படங்கள் விற்கும் ஒருவரிடம் 'சீ லெபர்ட்' (கடல் சிறுத்தை) என்று அடியில் அச்சிட்ட படம் ஒன்று இருக்கிறது. சிறுத்தை சீலின் முதல் படம், 1825இல் அச்சான அசல், வெடெல் என்பவர் கண்டுபிடித்துப் பெயரும் வைத்தார் என்கிறார். படத்துக்கு ஒரு விலை, புத்தகத்தில் அச்சிடும் உரிமைக்குத் தனி விலை. வாங்கலாமா? படத்தின் கீழே யார் பெயரைப் போடுவது? சில நூல்களில் அந்தப் பெயர் அடைப்புக்குறிக்குள் இருப்பது ஏன்?

பதில்: வாங்க வேண்டாம். உரிமை என்று சொல்லிக் கேட்கும் பணத்தை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். அவரிடம் விற்க எந்த உரிமையும் இல்லை.

முதலில் விலங்கு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஜேம்ஸ் வெடெலின் பயண நூலில் வந்த படம். அதில் இருப்பது இன்று நாம் வெடெல் சீல் என்று சொல்லும் விலங்கு. வெடெல் ஒரு சீல் வேட்டைக் கப்பலின் தலைவர். 1822 முதல் 1824 வரை இரண்டு சிறிய கப்பல்களோடு தெற்கே போனார். 1823 பிப்ரவரியில் 74 பாகை 15 கலை தென் அட்சரேகை வரை எட்டினார். அதற்கு முன் அவ்வளவு தெற்கே கப்பலில் போனவர்கள் இல்லை. அந்தப் பயணத்தில் தெற்கு ஓர்க்னி தீவுகளில் கண்ட, உடம்பில் புள்ளிகள் உள்ள சீலுக்குத்தான் 'சீ லெபர்ட்' என்று எழுதினார். எடின்பரோவில் பேராசிரியர் ராபர்ட் ஜேம்சன் அதை ஆராய்ந்து அங்க விவரம் எழுதிக் கொடுத்தார். அந்த விவரமும் படமும் 1825இல் லண்டனில் வந்த வெடெலின் புத்தகத்தில் இருக்கின்றன.

நாம் சிறுத்தை சீல் என்று சொல்வது வேறு விலங்கு. அதற்கு 1820லேயே பிரெஞ்சு அறிஞர் பிளான்வில் அறிவியல் பெயர் வைத்துவிட்டார். வெடெலின் புத்தகம் வருவதற்கு ஐந்து ஆண்டு முன்பே! இரண்டுக்கும் புள்ளி உண்டு, இரண்டையும் சிறுத்தை என்று அழைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் ஒற்றுமை. சிறுத்தை சீலுக்குத் தலை பெரியது, வாய் மிக அகலமாகத் திறக்கும், முன் துடுப்புகள் நீளம். பெங்குவினைப் பிடித்துத் தின்னும். வெடெல் சீலுக்குப் பருத்த உடம்பில் சின்னத் தலை, குட்டையான மூஞ்சி. பெரும்பாலும் மீன் தின்னும், பனித்தளத்தில் மூச்சுத் துளையைப் பல்லால் சுரண்டித் திறந்து வைத்திருக்கும். பழைய படத்தில் கழுத்து நீளமாக இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடியில் ஓர்க்னி என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, பெயர் வைத்தது யார். ஒரு விலங்குக்கு அறிவியல் பெயர் உண்டாக வேண்டுமென்றால் இருசொல் லத்தீன் பெயரோடு அச்சில் வெளியாக வேண்டும். வெடெலும் ஜேம்சனும் அந்தப் புத்தகத்தில் ஆங்கிலப் பெயரோடு நிறுத்திவிட்டார்கள். 1826இல் ரெனே லெஸன் என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் அந்த விலங்குக்கு ஒடாரியா வெடெல்லி என்று பெயரிட்டு வெளியிட்டார். ஆக, கண்டு சொன்னவர் வெடெல், விவரம் எழுதியவர் ஜேம்சன், பெயர் வைத்தவர் லெஸன். பெயரில் வெடெல் இருப்பதால் அவரே வைத்தார் என்று நினைப்பது எல்லோருக்கும் வரும் குழப்பம். தன் பெயரையே ஒரு விலங்குக்கு வைப்பது வழக்கமில்லை என்பதை நினைவில் வைத்தால் போதும்.

அடைப்புக்குறிக்கு வருவோம். இருசொல் பெயரில் முதல் சொல் பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி. ஒடாரியா என்பது வெளிக்காது உள்ள கடல்சிங்கங்களின் பேரினம். வெடெல் சீலுக்கு வெளிக்காது கிடையாது, அதனால் அந்த இடம் நிலைக்கவில்லை. பிறகு கிரே என்பவர் ஒரு பேரினப் பெயர் கொடுத்தார், அது ஏற்கெனவே வேறு விலங்குக்குப் போய்விட்டதால் செல்லவில்லை. 1872இல் தியோடர் கில் கொடுத்த லெப்டோனிகோட்டஸ் என்ற பேரினத்தில்தான் இன்றும் இருக்கிறது. முதலில் வைத்த பேரினத்திலிருந்து மாற்றப்பட்டால் முதலில் பெயர் வைத்தவரின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். அதனால் (லெஸன், 1826). கில்லின் பெயர் இங்கே வராது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள், ஏனென்றால் உங்கள் புத்தகத்தில் ராஸ் சீலும் நிச்சயம் வரும். எல்லாச் சீலுக்கும் அடைப்புக்குறி போட்டுவிடாதீர்கள். ஜேம்ஸ் கிளார்க் ராஸின் அண்டார்க்டிக் பயணத்தில் கிடைத்த அந்தச் சீலுக்கு 1844இல் அதே கிரே பெயரிட்டபோது ஒம்மட்டோஃபோகா என்ற பேரினத்திலேயே வைத்தார். இன்றும் அதே பேரினம். ஆகவே கிரே, 1844 என்று வெறுமனே எழுத வேண்டும். அடைப்புக்குறி அலங்காரத்துக்குப் போடுவது கிடையாது. போட்டால் 'இது இடம் மாறிய பெயர்' என்று பொருள், போடாவிட்டால் 'மாறவில்லை' என்று பொருள். வரிசையில் ஒன்றுபோல் அழகாக இருக்கட்டும் என்று அச்சகத்தில் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவார்கள், அல்லது எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். கடைசி மெய்ப்பு பார்க்கும்போது இந்த இரண்டு பெயரையும் நீங்களே பாருங்கள். ரோமன் எழுத்தில் அச்சிடுவதாக இருந்தால் வெடெல்லி, ராஸி இரண்டும் இரட்டை 'ஐ' (ii) எழுத்தில் முடியும். ஒற்றை 'ஐ' போட்ட நூல்கள் ஏராளம், அவற்றைப் பார்த்து எழுதாதீர்கள்.

இனி அந்த விற்பனையாளர். இந்த வியாபாரத்தில் முழுப் புத்தகத்தைவிடக் கிழித்த தாள்களுக்கு லாபம் அதிகம். நல்ல பழைய புத்தகத்தை வாங்கி, படங்களை மட்டும் அறுத்து, ஒவ்வொன்றாக விற்கிறார்கள். எனக்கு இதைப் பார்க்கவே பொறுக்காது, படத்தோடு இருந்த விவரம் போய்விட்டால் விலங்கின் அடையாளமும் போய்விடுகிறது. வெடெல் நூலுக்கு 1827இல் இரண்டாம் பதிப்பும் வந்தது, தனித்தாளை வைத்து 1825 என்று அடித்துச் சொல்ல அவரிடம் என்ன ஆதாரம்? வண்ணம் இருந்தால் பிற்காலத்தில் யாரோ பூசியிருக்கலாம். பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது வரிசையான சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது நவீன ஆஃப்செட் நகல். சான்றிதழ் தருகிறேன் என்பார். அதை எழுதுவதும் அவர்தான்.

பட நிறுவனங்களும் இதில் சளைத்தவை இல்லை. நூற்றாண்டுக்கு முன்பே உரிமைக் காலம் முடிந்த படத்துக்குக் கட்டணம் வாங்குகிறார்கள், தலைப்பையும் தவறாகப் போடுகிறார்கள். ஒரு நிறுவனத்துக்கு இதே போன்ற தவறைத் திருத்தச் சொல்லி எழுதினேன். தானியங்கிப் பதில் வந்ததோடு சரி, தவறு அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்து இன்னும் எத்தனை புத்தகங்கள் அச்சாகுமோ!

வெடெல் இறந்தது 1834இல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் பதிப்புரிமை முடிந்தது. அவருடைய புத்தகம் முழுவதும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. படத்தை அங்கிருந்து எடுத்து, 'வெடெல் சீல், லெப்டோனிகோட்டஸ் வெடெல்லி (லெஸன், 1826). படம்: ஜேம்ஸ் வெடெலின் பயண நூல்' என்று போடுங்கள். நீங்கள் எடுக்கும் பிரதியின் முகப்பில் உள்ள ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுத்தை சீலுக்கு வேறு படம் தேட வேண்டும்.