அமெரிக்க நகரங்களில் இனம், ஏற்றத்தாழ்வு, மறுசீரமைப்பு பற்றி ஆராயும் பேராசிரியராக வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

சமூகவியல் முதுகலை முடிக்கப்போவதாகவும், அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்களின் பேட்டைகள் மறுசீரமைப்பு என்ற பெயரில் அழிந்ததையும் அதன் பின்விளைவாகத் தொடரும் ஏற்றத்தாழ்வையும் ஆராய்வதே வாழ்நாள் வேலையாக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

கோட்பாட்டிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு ஊரைப் பிடியுங்கள். அந்த ஊரில் ஒரு பேட்டை, அந்தப் பேட்டையில் ஒரு மனை. கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் 1896-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஏழாவது வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கியதில்தான் இந்தத் துறை தொடங்குகிறது என்று சொல்லலாம். "இனவாத முதலாளித்துவம்" என்று தலைப்பிட்டு விண்ணப்பிப்பவர்கள் நிறைய. ஒரு தெருவில் எந்த வீடு எந்த ஆண்டு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஆவணத்தோடு காட்டக்கூடியவர்கள் குறைவு. தேர்வுக் குழு தேடுவது இரண்டாமவரை.

உதாரணத்துக்குப் பிட்ஸ்பர்க்கை எடுத்துக்கொள்வோம். ஹில் டிஸ்ட்ரிக்ட்டின் கீழ்ப்பகுதியான லோயர் ஹில்லில் 1956-இல் இடிப்பு தொடங்கியது. 95 ஏக்கர், 8,000-க்கும் மேற்பட்ட மக்கள், சுமார் 400 கடைகளும் தொழில்களும். அந்த இடத்தில் 1961-இல் கூரை திறந்து மூடும் சிவிக் அரீனா திறக்கப்பட்டது. சுற்றிலும் கார் நிறுத்துமிடங்கள். இடிப்பு மேலே ஏறிவிடக் கூடாது என்று 1960-களில் சென்டர் அவென்யூவும் கிராஃபோர்டு தெருவும் சேரும் முனையில், இதற்கு மேல் மறுசீரமைப்பு கூடாது என்று மக்கள் பெரிய பலகையே வைத்தார்கள். அரீனாவும் பின்னாளில் இடிக்கப்பட்டுவிட்டது.

இதில் ஒரு மனையைப் பின்தொடர்வது எப்படி? முதலில் பழைய மனை வரைபடம். பிட்ஸ்பர்க்குக்கு ஹாப்கின்ஸ் வரைபடங்கள் இருக்கின்றன. 1872 முதல் 1940 வரையிலானவற்றைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரவீடு மஞ்சள், பல மனைகளின் மேல் உரிமையாளர் பெயர். மற்ற ஊர்களுக்குச் சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள், பெரும்பாலும் ஒரு அங்குலத்துக்கு 50 அடி அளவில். அங்கே மனை எண்ணை எடுத்துக்கொண்டு மாவட்டப் பத்திரப்பதிவு அலுவலகத்தின் விற்றவர் – வாங்கியவர் அட்டவணைக்குப் போங்கள். மறுசீரமைப்பு ஆணையம் வாங்கிய பத்திரத்திலிருந்து பின்னோக்கி நடந்தால் உரிமையாளர்களின் சங்கிலி கிடைக்கும். சில பத்திரங்களில் வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். 1948-இல் ஷெல்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு அந்த நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. ஆனால் எழுதிய வரிகள் பத்திரத்தில் அப்படியே கிடந்தன.

பத்திரம் சொல்வது உரிமையாளரை மட்டும். லோயர் ஹில் போன்ற இடத்தில் பெரும்பாலானோர் வாடகைக்கு இருந்தவர்கள், அவர்கள் பத்திரத்தில் இல்லவே இல்லை. அவர்களைப் பிடிக்க ஊரார் பெயர், முகவரிகளை அச்சிட்ட ஊர் டைரக்டரியும் சென்சஸ் கையெழுத்துப் படிவங்களும் வேண்டும். அமெரிக்காவில் தனிநபர் சென்சஸ் படிவம் 72 ஆண்டுகள் பூட்டிவைக்கப்படுகிறது. 1950-க்கானது 2022 ஏப்ரலில் திறந்தது. 1960-க்கானதைப் பார்க்க 2032 வரை காத்திருக்க வேண்டும். ஆக, இடிப்புக்கு முந்தைய கடைசி முழுப் பட்டியல் 1950-தான். அதில் இனம் என்ற பத்தியை நிரப்பியது பெரும்பாலும் வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளரின் கண். குடியிருந்தவர் தன்னைப் பற்றிச் சொன்னது என்று எழுதிவிடாதீர்கள்.

சிக்கல் பெரும்பாலும் முகவரியில் வரும். வைலி அவென்யூவை வெட்டிச் சென்ற ஃபுல்லர்ட்டன் தெரு, ஜாஸ் கிளப்புகள் நிறைந்த முனை, இடிப்பில் வரைபடத்திலிருந்தே மறைந்தது. மென்பொருளிடம் அந்தப் பழைய முகவரியைக் கொடுத்தால் ஒன்று பிழை காட்டும், அல்லது அதைவிட மோசமாக, வேறு ஊரின் ஃபுல்லர்ட்டன் தெருவில் புள்ளியை வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். பழைய வரைபடத்தை ஸ்கேன் செய்து, அன்றும் இன்றும் அசையாமல் நிற்கும் தேவாலய மூலைகள் போன்ற நான்குக்குக் குறையாத புள்ளிகளை வைத்துப் பொருத்திய பிறகே மனைகளைக் கையால் குறிக்க வேண்டும். சாலை முனைகளை அப்படியே நம்பக் கூடாது. மறுசீரமைப்பில் சாலைகளும் நகர்ந்தன.

அடுத்து, ரெட்லைனிங், அதாவது சில பகுதிகளைச் சிவப்பாகக் குறித்து அங்கே வீட்டுக் கடன் மறுப்பது. பெருமந்தக் காலத்தில் 1933-இல் உருவான வீட்டு உரிமையாளர் கடன் கழகம் 1935–40-இல் இருநூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் கடன் தர மிகப் பாதுகாப்பான பகுதி பச்சை, மிக ஆபத்தானது சிவப்பு, இடையே நீலம், மஞ்சள் என்று நான்கு நிற வரைபடங்கள் வரைந்தது. ரிச்மண்ட் பல்கலைக்கழகம் அவற்றை இணையத்தில் ஏற்றியதிலிருந்து எல்லோரும் இங்கிருந்தே ஆரம்பிக்கிறார்கள். வரைபடத்தைவிட அதனோடு வந்த பகுதி விவரப் படிவத்தை வாசியுங்கள். 1937 படிவத்தில் கட்டடத்தின் வயது, வாடகை, விலை எல்லாம் கேட்டிருக்கும். மக்கள்தொகைப் பகுதியில் வெளிநாட்டில் பிறந்தோர் எத்தனை சதவீதம், நீக்ரோக்கள் உண்டா இல்லையா, எத்தனை சதவீதம், அதற்குக் கீழே "ஊடுருவல்" (infiltration) என்று ஒரு வரி, யார் ஊடுருவுகிறார்கள் என்று நிரப்ப. மழைநீர் சுவரில் கசிவதைப் பற்றிப் பேசும் சொல்லை மனிதர்களுக்கு வைத்து அரசு அச்சடித்த தாள் அது. ஒரு படிவத்தை முழுதாக வாசித்துவிட்டு அப்புறம் வரைபடத்தைப் பாருங்கள், நிறங்கள் வேறாகத் தெரியும்.

ஆனால் "இந்த வரைபடம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்" என்று எழுதினால் மதிப்பாய்வில் அடிபடும், அடிபடுவதும் நியாயமே. அந்தக் கழகம் சுமார் 10 லட்சம் அடமானக் கடன்களை 1933–36-க்குள் கொடுத்து முடித்துவிட்டது. வரைபடங்களில் பல அதற்குப் பின் வரையப்பட்டவை. சிவப்புப் பகுதிகளிலும் அது கடன் கொடுத்திருக்கிறது. நீண்டகாலம் கறுப்பினப் பகுதிகளுக்குக் கடன் காப்பீட்டை மறுத்தது 1934-இல் வந்த கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம், அதன் கையேடும் அதன் சொந்த வரைபடங்களும். சிவப்பு நிறம் ஏற்கெனவே இருந்த பாகுபாட்டைப் பதிவு செய்ததா, புதிதாக உண்டாக்கியதா என்பதைப் பிரித்துக் காட்டும் ஆய்வு வடிவம் உங்களிடம் இருக்க வேண்டும். எல்லைக் கோட்டின் இருபக்கத் தெருக்களையும் வரைபடத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவது ஒரு வழி.

பணம் எப்படி ஓடியது என்று புரியாமல் மறுசீரமைப்பை எழுத முடியாது. 1949 வீட்டுவசதிச் சட்டத்தின் முதல் பிரிவு இதற்கு அடித்தளம். கணக்குக்காக, நிலத்தை வாங்கி இடித்துச் சமப்படுத்த நகரத்துக்கு 90 லட்சம் டாலர் செலவு, கட்டுமான நிறுவனத்துக்கு 30 லட்சத்துக்கு விற்கிறது என்று வையுங்கள். நட்டம் 60 லட்சம். இதில் மூன்றில் இரண்டு பங்கு, 40 லட்சம், கூட்டரசு தரும். மீதி 20 லட்சத்தை நகரம் ரொக்கமாகத் தரவேண்டியதில்லை, பள்ளிக்கூடமோ சாலையோ கட்டிக் கணக்கில் காட்டலாம். 1959 திருத்தம் பல்கலைக்கழகங்கள் அக்கம்பக்கத்தில் நிலம் வாங்கச் செலவிட்டதையும் நகரத்தின் பங்காகக் காட்ட அனுமதித்தது. சிகாகோவின் ஹைடு பார்க்கிலும், மேற்கு ஃபிலடெல்ஃபியாவில் பிளாக் பாட்டம் என்று அழைக்கப்பட்ட பேட்டையிலும் பல்கலைக்கழகங்களே மறுசீரமைப்பின் முக்கியத் தரப்பு. ஆகவே நீங்கள் சேரும் பல்கலைக்கழகமே உங்கள் ஆய்வுப் பொருளாகவும் இருக்கக்கூடும். அதை முதல் நாளே தெரிந்துகொண்டு போங்கள். அந்த ஊர் மக்களுக்கு அது எப்போதோ தெரியும்.

வெளியேற்றப்பட்டோர் எண்ணிக்கையிலும் பள்ளம் உண்டு. ஆணையங்களின் அறிக்கைகள் பெரும்பாலும் "குடும்பங்கள்" என்றே எண்ணின. அறை எடுத்துத் தங்கிய தனியாட்கள் அந்தக் கணக்கில் விழவில்லை.

எண்களில் இன்னொரு பொறி இருக்கிறது. சென்சஸ் வட்டார எல்லைகள் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறுவதால், 1950-ஐ 1970-உடன் ஒப்பிடப் பரப்பளவுக்கு ஏற்ப மக்களைப் பங்கிடுவது வழக்கம். மக்கள் வட்டாரம் முழுக்கச் சீராகப் பரவியிருக்கிறார்கள் என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. பாதி வட்டாரத்தைப் புல்டோசர் காலி செய்த இடத்தில் அந்த அனுமானம் உடைகிறது. கார் நிறுத்துமிடத்தில் ஆயிரம் பேர் குடியிருப்பதாக அட்டவணை காட்டும். 1940-லிருந்து 50,000-க்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்குத் தெருத்தொகுதி அளவிலான வீட்டுப் புள்ளிவிவரம் அச்சாகியிருக்கிறது, வெள்ளையர் அல்லாதோர் வீடுகள், வாடகை உட்பட. உழைப்பு அதிகம்தான், அதையே பயன்படுத்துங்கள். இனங்கள் எவ்வளவு பிரிந்து வாழ்கின்றன என்று அளக்கும் பிரிவினைக் குறியீடும் இப்படித்தான்: அலகு சிறிதானால் எண் பெரிதாகும். வார்டு அளவில் எடுத்ததையும் வட்டார அளவில் எடுத்ததையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள்.

இன வகைகளும் நிலையானவை அல்ல. 1920, 1930, 1940 சென்சஸ்களில் "இந்து" என்பதே ஒரு இனம், மதம் எதுவானாலும் இந்தியர் எல்லோரும் அதில் அடக்கம். 1970-இல் இந்திய வம்சாவளியினர் வெள்ளையராக எண்ணப்பட்டார்கள், 1980-இல் "ஆசிய இந்தியர்" ஆனார்கள். நம்மவர் ஒருவருக்கு இனம் என்பது அலுவலகத்தில் செய்யப்படும் வகைப்பாடு என்று புரிய இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஊர்–சேரி ஒப்பீட்டோடு வர ஆசை இருக்கும், அது நல்ல ஆசையும்கூட. ஆனால் சாதியும் அமெரிக்க இனமும் ஒன்றேதான் என்று முதல் பக்கத்திலேயே முடித்துவிட்டால் இரண்டின் இயக்கமும் கையை விட்டுப் போகும்.

நேர்காணலுக்கு ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். 2018 திருத்திய விதிகள் வாய்மொழி வரலாற்றை விலக்கினாலும், உங்களுடையது அந்த விலக்கில் வருமா என்பதைக் குழுவே எழுத்தில் சொல்லட்டும். பழைய மனை வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு மேசையில் விரியுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று கேட்டால் பொதுவான பதில் வரும். வரைபடத்தில் விரலை வைத்தால் முடிதிருத்தும் கடையின் பெயர் வரும், அதற்கு எதிர்வீட்டில் யார் என்று வரும். பதிவை எழுதியெடுத்து அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்.

இனி பிஎச்டி. வரலாறு, சமூகவியல், புவியியல், நகரத் திட்டமிடல், ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வு என எந்தத் துறையிலும் இதைச் செய்யலாம். ஆனால் துறைதான் பிற்காலத்தை முடிவு செய்யும். வரலாற்றில் வேலை நிரந்தரமாகப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் ஒரு நூல் வேண்டும். திட்டமிடலில் கட்டுரைகளே போதும். சமூகவியல் இடையில். விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர். நோக்க அறிக்கை இரண்டு பக்கம், 20–25 பக்க எழுத்து மாதிரி, மூன்று பரிந்துரைக் கடிதம். பல துறைகள் ஜிஆர்இ நுழைவுத் தேர்வு கேட்பதில்லை. இடம் கிடைத்தால் ஏப்ரல் 15-க்குள் பதில் சொல்ல வேண்டும். கல்விக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் இல்லாத பிஎச்டி இடத்தை ஏற்காதீர்கள், கடன் வாங்கிச் செய்யும் படிப்பு இல்லை இது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் பாட நாட்களில் வளாக வேலை வாரம் 20 மணி நேரம்தான். சில பெரிய ஆய்வு நல்கைகள் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே. ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும்.

வேலைச் சந்தை இறுக்கமானது. விளம்பரங்கள் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வரும், ஆறாம் ஆண்டில் பணி நிரந்தரப் பரிசீலனை, கிடைக்காவிட்டால் வெளியேற வேண்டும். 2025-இல் இனம், சமத்துவம் தொடர்பான பல கூட்டரசு ஆய்வு நிதிகள் பாதியில் நிறுத்தப்பட்டதையும் கணக்கில் எடுங்கள். முழு ஆய்வையும் ஒரே அரசு நிதியில் தொங்கவிடக் கூடாது. ஜிஐஎஸ் என்ற கணினி வரைபட நுட்பமும் புள்ளியியலும் கைவசம் இருந்தால் நகரத் திட்டத் துறைகள், வீட்டுவசதி அமைப்புகள், அமெரிக்க மத்திய வங்கி அமைப்பான ஃபெடரல் ரிசர்வ் வங்கிகளின் சமூக மேம்பாட்டுப் பிரிவுகள் என்று வேறு கதவுகளும் திறக்கும்.

விண்ணப்பத்துக்கான எழுத்து மாதிரியை இன்றே வீட்டிலிருந்து தொடங்கலாம். வைலி அவென்யூவில் ஃபுல்லர்ட்டன் முனையை ஒட்டிய ஒரே ஒரு தெருத்தொகுதியை எடுங்கள். ஹாப்கின்ஸ் வரைபடம், 1950 சென்சஸ் படிவங்கள், கறுப்பினப் பத்திரிகையான பிட்ஸ்பர்க் கூரியரின் பழைய இதழ்கள், அதன் புகைப்படக்காரர் டீனி ஹாரிஸ் எடுத்து இன்று கார்னகி கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் படங்கள் – இவற்றில் பெரும்பகுதியை இணையத்திலேயே பார்க்கலாம். 1940-இலும் 1950-இலும் அந்தத் தொகுதியில் யார் இருந்தார்கள், எதை விற்றார்கள், எத்தனை பேர் வாடகைக்கு, எத்தனை பேர் சொந்தவீட்டில் என்று ஒரு அட்டவணை போடுங்கள். எந்தக் கட்டத்தை நிரப்ப முடியவில்லையோ அதன் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்.