ஊட்டிக்கு போனது 15 பேரு, இஎம்ஐ கட்டுறது ஒருத்தரு

கேள்வி (நீளமான கடிதம், சுருக்கியிருக்கேன்): சார், மார்த்தாண்டம் பக்கம் எங்க வீடு. 39 வயசு, பிரைவேட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், கையில 52,000 வரும். வீட்டுக்காரி ஸ்கூல் டீச்சர், அவளுக்கு 14,000. வருஷா வருஷம் மே மாச லீவுக்கு எல்லாருமா ஒண்ணா டூர் போறது எங்க குடும்பத்துல வழக்கம். அம்மாவோட சேத்து நாங்க அஞ்சு பேரு, அக்கா வீட்ல நாலு, மச்சினன் வீட்ல மாமனார் மாமியாரோட ஆறு. போன மே மாசம் ஊட்டி போனோம், 1,48,000 ஆச்சு, முழுசும் என் கார்டுல. ஹோட்டல் கவுண்டர்ல அத்தான் பர்ஸை தேடுவாரு, மச்சினன் யுபிஐ சுத்திக்கிட்டே இருக்குன்னு போனை தூக்கி காமிப்பான், கவுண்டர்ல நிக்கிற பையன் என் மூஞ்சியவே பாப்பான், நான் கார்டை நீட்டிருவேன். திரும்பி வந்தப்புறம் மச்சினன் 10,000 தந்தான். அத்தான் ரப்பர் ஷீட் வித்ததும் தாறேன்னாரு, அப்புறம் மழை முடியட்டும்னாரு, இன்னும் வரல. மிச்சம் 1,38,000ஐ 12 மாச இஎம்ஐயா மாத்திட்டேன், இன்னும் 4 மாசம் பாக்கி. அதுக்கு முன்னாடி மைசூர், கூர்க் போன கார்டு பில்லை அடைக்க வீட்டுக்காரி நகைய 1,20,000க்கு பேங்க்ல வச்சேன், ரெண்டு வருஷமா வட்டிய மட்டும் கட்டி புதுப்பிச்சுக்கிட்டு இருக்கேன். இந்த வருஷம் மலேசியா போலாம்னு மச்சினன் சொல்றான், தலைக்கு 55,000 பேக்கேஜ், இப்ப போயிட்டு அப்புறமா கட்டுற லோன் ஒரு ஆப்ல 18% வட்டிக்கு கிடைக்குதாம். இன்னொரு பக்கம் ஒரு ரிசார்ட் கம்பெனிக்காரங்க 3.5 லட்சம் கட்டுனா 25 வருஷத்துக்கு வருஷம் 7 ராத்திரி ரூம்னு மெம்பர்ஷிப் தாறாங்க, பராமரிப்பு வருஷம் 18,000 தனி. ரெண்டுல எது லாபம்? அக்காட்ட பைசா கேக்க மட்டும் சொல்லாதீங்க, என்னைய படிக்க வச்சதே அவதான்.

பதில்: தம்பி, கணக்கு எழுதுறதே உங்க வேலை, அதனால எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், அவசரத்துக்கு ஆறு மாச செலவு தனியா வைக்கிறதுன்னு நான் பாடம் எடுக்கப் போறதில்ல. எது லாபம்னு கேட்டதுக்கு பதில், ரெண்டுமே வேண்டாம். ஏன்னு பின்னாடி சொல்றேன். உங்க பைசாவை தின்னுக்கிட்டு இருக்கிறது அந்த ஹோட்டல் கவுண்டர்ல கார்டை நீட்டுற பழக்கம், அதை நிப்பாட்டாம மலேசியா போனாலும் சரி முட்டம் கடற்கரைக்கு போனாலும் சரி இதே கதைதான்.

டூரை நிப்பாட்டுங்கன்னு சொல்ல மாட்டேன். பதினஞ்சு பேரு ஒரே வேன்ல, ஜன்னல் சீட்டுக்கு பிள்ளைங்க சண்டை, கொண்டை ஊசி வளைவுல ஒண்ணு வாந்தி எடுக்க இன்னொண்ணு சிரிக்க, பாட்டி மடியில மாத்திரை டப்பாவும் முறுக்கு டப்பாவும், வழியில ஒரு சாயாக் கடையில வண்டிய நிறுத்துனா பதினஞ்சு பேரும் பதினஞ்சு விதமா ஆர்டர் சொல்றது, அதெல்லாம் எந்த பைசாவுக்கும் கிடைக்காது. பிள்ளைங்க வளந்தப்புறம் கூடி உக்காந்து பேசப்போறதும் இதைத்தான். டூர் போங்க, தாராளமா போங்க, அதுக்கான பைசாவை யார் எப்ப தாறாங்கன்னு மட்டும் மாத்தணும்.

ஊட்டி கணக்கை எடுப்போம். நீங்க அனுப்பின பட்டியல்படி வேன் 46,000, அஞ்சு ரூம் மூணு ராத்திரி 2,800 வீதம் 42,000, சாப்பாடு 38,000, மலை ரயில், போட்டிங், டிக்கெட் எல்லாம் 9,000, சாக்லேட், வர்க்கி, ஸ்வெட்டர்னு 13,000. தலைக்கு தோராயமா 9,870 வருது. உங்க வீட்டு அஞ்சு பேருக்கு 49,300. அக்கா வீட்டுக்கு 39,500. மச்சினன் வீட்டுக்கு 59,200, அதுல 10,000 தந்தாச்சு. அப்போ மத்தவங்களுக்காக உங்க தலையில நிக்கிறது 88,700. இஎம்ஐயா மாத்துனதுல 16% வட்டின்னு எழுதிருக்கீங்க, மாசம் 12,500 சொச்சம், வருஷத்துக்கு வட்டியே 12,000 தாண்டும், அந்த வட்டிக்கு மேல 18% ஜிஎஸ்டி வேற, கூட்டிப்பாத்தா 14,400க்கு குறையாது. இதுல மூணுல ரெண்டு பங்கு அடுத்தவங்க செலவுக்கு நீங்க கட்டுற வட்டி. ஊட்டில மூணு ராத்திரி உங்க குடும்பம் தங்குனதுக்கு ஆன ரூம் வாடகை எவ்ளோன்னு எடுத்துப் பாருங்க, வட்டி அதையும் மிஞ்சி நிக்கும்.

இதுல எனக்கு கவலை என்னன்னா, உங்க சொந்தக்காரங்க யாரும் கெட்டவங்களா தெரியல, அவங்களுக்கு இந்த 88,700 பத்தி தெரியவே தெரியாதுன்னுதான் தோணுது. நீங்க கார்டை நீட்டுன அன்னைக்கு யார் கையில இருந்தும் நோட்டு போகல. பில்லை கட்ட வேண்டிய நாள் வர இருபதுல இருந்து அம்பது நாள் ஆகுது. அதுக்குள்ள ஸ்கூல் திறந்து, ஃபீஸ் கட்டி, ஜூன் மழை வந்து ரப்பர் வெட்டு நின்னு, அத்தான் கையில வருமானமும் குறைஞ்சு, ஊட்டி எல்லாருக்கும் பழசாயிருக்கும். அப்ப போய் கேட்டா கேக்குற உங்களுக்கும் கூச்சம், தாற அவங்களுக்கும் கஷ்டம். அவங்க மனசுல நீங்க நல்லா சம்பாதிக்கிற ஆளு, ஆசையா கூட்டிட்டு போனீங்க, அவ்வளவுதான். நகை பேங்க்ல இருக்கிறது மச்சினனுக்கு தெரியுமா? தெரிஞ்சிருந்தா அக்கா நகைய வச்சிட்டு மலேசியா போலாம்னு எந்த தம்பியும் சொல்ல மாட்டான்.

கல்யாண வீட்ல சுருள், அதாவது மொய், எழுதுற இடத்தை நினைச்சுப் பாருங்க. பைசாவை வாங்கி, பேரை கேட்டு, ஊரை கேட்டு, நோட்டுல எழுதிட்டுதான் அடுத்த ஆளை பாப்பாங்க, அடுத்த வாரம் வீட்ல வந்து வாங்கிக்கோன்னு யாரும் சொல்றதில்ல, அதுல யாருக்கும் வருத்தமும் கிடையாது. டூர் பைசாவும் அப்படித்தான், கிளம்புறதுக்கு முன்னாடி. எல்லாருக்கும் ஆசை பொங்கிட்டு இருக்கிற நேரத்துல கேட்டா மளமளன்னு வரும்.

அக்கா விஷயம் வேற, அதை நான் லேசா எடுத்துக்கல. படிக்க வச்ச அக்காட்ட கணக்கு பாக்க மனசு வராதது நல்ல மனசுதான். ஆனா அன்பா செய்யறதை கடனா செய்யாதீங்க. இப்ப நடக்குறது என்னன்னா, நீங்க தானம்னு நினைக்கல, அத்தான் கடனை மறக்கவும் இல்ல, ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் அவரு ஷீட் வெலை, மழைன்னு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கு, அந்த மனுஷனுக்கும் அது சங்கடம். நேர்ல போய், "அத்தான், ஊட்டி கணக்கு முடிஞ்சு போச்சு, அதை மறந்துருங்க"ன்னு சொல்லிட்டு வாங்க. 39,500 போச்சுதான், ஒரு வகையில அது அக்காவுக்கு நீங்க செஞ்ச மரியாதை. ஆனா அடுத்த டூர்ல இருந்து ஒரு எல்லை வைக்கணும். அக்கா வீட்டுக்கு என் பங்கு 10,000, மிச்சம் அத்தான் போடுவாருன்னு முன்கூட்டியே சொல்லணும். அந்த 10,000ம் உங்க சம்பளத்துல சேத்து வச்சதா இருக்கணும், கார்டுல இருந்து வரக்கூடாது. மச்சினன் கணக்கு அப்படி இல்ல. 49,200 அவன் தரணும், அதுல மாமனார் மாமியார் பங்கை பாதி நீங்க ஏத்துக்கிட்டா கூட 39,000 சொச்சம் நிக்கும். கேளுங்க, இல்லன்னா வீட்டுக்காரிய கேக்கச் சொல்லுங்க, அவ தம்பிதானே. மொத்தமா வராட்டி மாசம் 5,000னு வாங்குங்க.

நகைக்கு வருவோம். 9.5% வட்டின்னா 1,20,000க்கு வருஷம் 11,400. ரெண்டு வருஷம் கட்டுனது 22,800, அசல்ல ஒரு ரூபா குறையல. கூர்க் போன டூர் இன்னும் முடியாம ஓடிட்டு இருக்கு. உங்க வீட்டுக்காரி போன மாசம் ஒரு கல்யாணத்துக்கு கவரிங் மாலை போட்டுட்டு போனான்னு கடைசி வரில எழுதிருந்தீங்க, அதை படிச்சப்ப எனக்கு உங்க மேல கொஞ்சம் கோவமே வந்துச்சு தம்பி. ஊட்டி இஎம்ஐ ஜூன்ல முடியுது. ஜூலைல இருந்து அதே 12,500 நிக்காம நகை லோன் அசலுக்கு போகணும். பேங்க் நகைக்கடன்ல இடையில கொஞ்சம் கொஞ்சமா அசலை கட்டலாம், கட்ட கட்ட வட்டியும் குறையும். பத்து மாசம், ஏப்ரல்ல நகை வீட்டுக்கு வந்துரும். மச்சினன் மாசம் 5,000 தந்தா இன்னும் சீக்கிரம். அதுவரைக்கும் எந்த புது இஎம்ஐயும் கூடாது, ஃபோனோ டிவியோ, எதுவும்.

இப்ப அந்த ரெண்டு ஸ்கீம். மலேசியாவுக்கு 15 பேருக்கு 8,25,000. லோன் எடுக்கிறது யாரு? நீங்கதான், மச்சினனும் அத்தானும் இல்ல. 18% வட்டில ரெண்டு வருஷத்துக்கு மாசம் 41,000 கட்டணும், சம்பளம் 52,000. மேல எழுத எனக்கு ஒண்ணும் இல்ல. இதுல பாஸ்போர்ட் பெரியவங்களுக்கு 1,500, அங்க கார்டு தேய்ச்சா நிறைய கார்டுல 3.5% வரை தனி கட்டணம், ஷாப்பிங்னு எல்லாம் பேக்கேஜுக்கு வெளிய.

மெம்பர்ஷிப்பை பாப்போம். 3.5 லட்சத்தை பேங்க்ல எஃப்டி போட்டா 6.5% வச்சாலும் வருஷம் 22,750 வரும். அதை இழந்துட்டு பராமரிப்பு 18,000மும் கட்டுனா வருஷத்துக்கு 40,750, ஏழு ராத்திரிக்குன்னா ஒரு ராத்திரி 5,800. நீங்க ஊட்டில மே மாச சீசன்ல 2,800க்கு ரூம் எடுத்த ஆளு! பராமரிப்பு கட்டணம் வருஷா வருஷம் கூடும், மே மாசத்துக்கு எல்லா மெம்பரும் அடிச்சு பிடிச்சு கேப்பாங்க, கிடைக்கிறதும் ஒரு ரூம், உங்களுக்கு வேண்டியது அஞ்சு. பரிசு தாறோம், டின்னர் தாறோம், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வாங்கன்னு கூப்பிட்டு உக்கார வச்சு, இன்னைக்கே கையெழுத்து போட்டா ஒரு லட்சம் தள்ளுபடின்னு சொல்ற எதையும் வாங்காதீங்க. நல்ல சாமானுக்கு நாளைக்கும் அதே வெலைதான். நாகர்கோவில்ல மீட்டிங் இருக்குன்னு கூப்பிட்டா போகவே போகாதீங்க, போனா உங்க சுபாவத்துக்கு கார்டை நீட்டிருவீங்க.

இந்த மே மாசம் பிள்ளைங்களை ஏமாத்த வேண்டாம். நாடு முழுக்க ஜனங்க ரயிலேறி நம்ம மாவட்டத்தை பாக்க வாறாங்க, நம்ம பிள்ளைங்க 2024 டிசம்பர் கடைசில திறந்த கண்ணாடிப் பாலத்துல நடந்துருக்காங்களா? விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் நடுவுல 77 மீட்டர், காலுக்கு கீழ கடலு. ஒரு நாள் காலையில அது, அப்படியே பக்கத்துல வட்டக்கோட்டை. இன்னொரு நாள் பத்மநாபபுரம் அரண்மனை, திங்கட்கிழமை மட்டும் போகாதீங்க, பூட்டியிருக்கும். அப்புறம் மாத்தூர் தொட்டிப்பாலம், 115 அடி உயரத்துல நடந்துட்டு, பாலத்தடியில உக்காந்து வீட்ல கட்டிக்கொண்டு போன மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டா மாமனார் மாமியாருக்கும் சந்தோஷம், அவங்க உடம்புக்கும் மலையேறுறதை விட இது நல்லது. ரெண்டு நாளும் வேன் எடுத்தாலும் எல்லாம் சேத்து 25,000க்குள்ள முடியும், உங்க பங்கு 8,000 சொச்சம்.

அடுத்த மே மாசத்துக்கு பெரிய டூர் போடுங்க, ஜூலைலயே வாட்ஸ்அப் குரூப்புல சொல்லிருங்க. தலைக்கு 10,000, பத்து மாசம், ஆளுக்கு மாசம் 1,000. மச்சினன் வீடு 6,000, அக்கா வீடு 3,000, அவங்க பங்குல குறையுற மாசம் 1,000 (பத்து மாசத்துக்கு 10,000) உங்களோடது, அதோட உங்க வீட்டுக்கு 5,000. நகை கடன் கட்டுற வருஷத்துல இது கஷ்டமா தெரிஞ்சா தலைக்கு 6,000 ஆக்கி பக்கத்து ஊரா பாருங்க. பைசா வாற அக்கவுண்ட் உங்க பேர்ல வேண்டாம், வீட்டுக்காரி பேர்ல தனியா ஒண்ணு, டூர்ல எல்லா செலவும் அவ போன்ல இருந்து போகட்டும். எந்த வீட்டுப் பங்கு வரலையோ அந்த வீட்டுக்கு ரூம் புக் பண்ணாதீங்க. ரயில்ல போறதா இருந்தா முன்பதிவு இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது, அதனால மார்ச்லயே தலைக்கணக்கு தெரிஞ்சிரணும், பைசா தராதவங்களுக்கு டிக்கெட் போட முடியாதுன்னு சொல்ல அதுவே நல்ல காரணம்.

இன்னைக்கே ஒரு வேலை இருக்கு. உங்க கார்டு லிமிட் 3 லட்சம்னு எழுதிருக்கீங்க, கட்டவேண்டிய பாக்கி போக தேவைக்கு கொஞ்சம் வச்சிட்டு அதை 1 லட்சமா குறைக்கச் சொல்லி பேங்க்ல கேளுங்க, நிறைய பேங்க்ல ஆப்லயே பண்ணலாம். அப்புறம் நகை லோன் ரசீதை எடுத்து புதுப்பிக்க வேண்டிய தேதி என்னன்னு பாருங்க, அது ஜூலைக்கு முன்னாடி வந்தா வட்டியோட அசல்ல ஒரு 10,000மாவது சேத்து கட்டிட்டு புதுப்பிங்க. தேதி, வட்டி ரெண்டையும் எனக்கு எழுதி அனுப்புங்க, மாச வாரியா போட்டு தாறேன்.