மாதுரி தேவி – ஒரு கடிதம்

வணக்கம் அம்மா,

கோவையில் வேலை செய்கிறேன். சமீபத்தில் ‘மந்திரி குமாரி’ பார்த்தேன். அதில் மந்திரி மகளாக நடித்த மாதுரி தேவியைப் பற்றித் தேடினால் அதிகமும் ராஜா ராணிப் படங்கள்தான் வருகின்றன. கிரீடம், நகை, நீள வசனம் இவற்றைத் தாண்டி நடிப்பதற்கு அந்தப் படங்களில் என்ன இருந்தது? சமூகப் படங்கள் பெருகியதும் அவர் பெயர் அடிபடாமல் போனதற்கு அதுதான் காரணமா? அந்தப் படத்தை எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ சேலத்தில் இருந்த இடத்தையும் போய்ப் பார்த்தேன். நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. வருத்தமாக இருந்தது.

எஸ்.

அன்புள்ள தம்பி,

வளைவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வளைவுக்கு உள்ளே எடுத்த படம் ஒன்றை முழுசாகப் பார்த்திருக்கிறீர்கள், எனக்கு அது போதும்.

ஆனால் கிரீடம், நகை, நீள வசனம் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போகிறீர்களே, அதை விட முடியாது. அந்தப் படத்தைப் பார்த்தீர்களா, இல்லை போனைப் பார்த்துக்கொண்டே ஓடவிட்டீர்களா? 1950இல் எம்.ஜி.ஆர். இருக்கிற படத்துக்கு ‘மந்திரி குமாரி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் தளபதி. இளவரசியும் அவரும் காதலர்கள். இருந்தும் கதை மந்திரி மகள் அமுதவல்லியின் கையில்தான் இருக்கிறது. புருஷன் கொள்ளைக்காரன் என்று கண்டுபிடிக்கிறவள் அவள். ‘வாராய் நீ வாராய்’ என்று பாடிக்கொண்டே அவன் அவளை மலை உச்சிக்குக் கூட்டிப் போகிறான். கேட்கக் காதல் பாட்டு மாதிரி இருக்கும், ஆனால் அது கொலைக்குக் கூட்டிப் போகிற பாட்டு.

உச்சிக்குப் போனதும் கொல்லப்போகிறேன் என்கிறான். அவள் அழுகிறாள், கெஞ்சுகிறாள். சாவதற்கு முன்னால் உங்களை மூன்று முறை வலம் வந்து கும்பிட வேண்டும் என்று கேட்கிறாள். அவன் சம்மதிக்கிறான். சுற்றி வந்து பின்னால் இருந்து தள்ளிவிடுகிறாள். மாதுரி தேவி அங்கே என்ன செய்கிறார் என்று திரும்பப் போட்டுப் பாருங்கள். ஒரே முகத்தில் பதிவிரதையும் இருக்க வேண்டும், தீர்மானித்துவிட்டவளும் இருக்க வேண்டும். பதிவிரதையை அவன் நம்ப வேண்டும், மற்றவளை நாம் சந்தேகப்பட வேண்டும். கொஞ்சம் கூடினால் அவன் உஷாராகிவிடுவான், குறைந்தால் நமக்கு விஷயம் எட்டாது. அந்தச் சுற்றுகளில் நீள வசனம் கிடையாது, கிரீடமும் நகையும் உதவிக்கு வராது. உடம்பும் கண்ணும் மட்டும்தான். நடிப்பதற்கு என்ன இருந்தது என்று கேட்கிறீர்கள்!

எங்கள் அம்மிச்சி, அம்மாவின் அம்மா, இந்தப் படத்தை பவானிப் பக்கம் டூரிங் கொட்டாயில், மணலில் உட்கார்ந்து பார்த்தவர். எங்களுக்குச் சோறு போடும்போது கதையாகச் சொல்வார். எம்.ஜி.ஆரின் கத்திச் சண்டை அதில் வராது, இளவரசியும் வரமாட்டாள். “மூணு சுத்து சுத்தறேன்னு அவ கேட்டா பாரு கண்ணு, அப்பவே எனக்கு வவுத்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு. மூணாஞ் சுத்துல தள்ளி உட்டுப்போட்டா.” அத்தோடு கதை முடிந்தது. எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

வளர்ந்து நானே படத்தைப் பார்த்தபோதுதான், அதற்கு மேலும் படம் இருக்கிறது, கடைசியில் அமுதவல்லியும் செத்துப்போகிறாள் என்று தெரிந்தது. அம்மிச்சி அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மறந்துவிட்டார் என்று நான் நம்பவில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை. இந்தக் கதையின் மூலம் குண்டலகேசி. அந்தக் காப்பியத்தில் 19 பாட்டுகள்தான் மிஞ்சியிருக்கின்றன, கதையை நீலகேசி என்கிற சமண நூலின் உரை வழியாகத்தான் அறிகிறோம். அதில் புருஷனைத் தள்ளிவிட்ட பெண் சாவதில்லை. பௌத்தத் துறவியாகி, ஊர் ஊராகப் போய் வாதம் செய்து ஜெயிக்கிறாள். சினிமா அவளைக் கொன்றது. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அம்மிச்சி, குண்டலகேசி என்கிற பெயரையே கேள்விப்படாதவர், அவளைச் சாகவிடவில்லை.

வசனத்தைப் பற்றி ஒன்று. அது கருணாநிதி எழுதியது. நடிக்கும்போதே மைக்கில் பதிவாகும். மைக்குக்குக் கேட்கிற மாதிரி, வார்த்தை சிதையாமல், கண்ணைச் சுடுகிற விளக்குகளுக்கு நடுவில் பேச வேண்டும். பிறகு டப்பிங்கில் சரி செய்துகொள்ளலாம் என்கிற வசதி கிடையாது. சத்தம் போடுகிறார்கள் என்று சிரிப்பது சுலபம்.

சமூகப் படங்கள் வந்ததும் என்ன ஆனது என்கிற கேள்வியை விடுங்கள். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. ராஜா ராணிக் கதைகளில் பெண்ணுக்குச் சூழ்ச்சி இருந்தது, வாள் இருந்தது, பழி வாங்குகிற உரிமை இருந்தது. அப்புறம் வந்த எத்தனையோ குடும்பப் படங்களில் அவளுக்குக் கிடைத்தது முந்தானையும் கண்ணீரும். அதைத்தான் யதார்த்தமான நடிப்பு என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். நீங்களும் அந்தப் பழக்கத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள், அது உங்கள் தப்பு மட்டும் இல்லை.

அடுத்து ‘மர்மயோகி’ பாருங்கள். 1951இல் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்தது, உங்கள் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவானது. பேய் வருகிறது என்று ‘ஏ’ சர்டிபிகேட் கொடுத்தார்கள். மாதுரி தேவி அதிலும் இருக்கிறார். ஆனால் இந்தத் தடவை அஞ்சலி தேவியைக் கவனியுங்கள். ஊர்வசி என்று வந்து, ராஜாவை மயக்கி, நாட்டையே பிடித்து ஆள்கிறவர். பார்த்துவிட்டு எழுதுங்கள், போனைத் தள்ளி வைத்துவிட்டு.